மனவல்லயச் செபமும் மேற்படிப்பும்

ஆன்மீகத்தைக் கல்லூரியில் படிக்க முடியுமா? அதற்கு மதிப்பெண் உண்டா? பட்டம் பெற்றவர் செபிப்பதற்கும் பெறாதவர் செபிப்பதற்கும் வேறுபாடு உண்டா? கருவேப்பிலங்குறிச்சி வட்டாரத்தில் சில திங்களாக நம்மிடம் கேட்கப்பட்டு வரும் கேள்விகள் இவை. நம் பங்கைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி, இளங்கலைப் பட்டம் பெற்று, ஞாயிறுதோறும் சிறுவர்க்கு மறைக்கல்வி கற்பித்து வருபவள், கிறிஸ்தவ ஆன்மீகத்தைக் கீழைத் திருச்சபை, மேலைத் திருச்சபை ஆகிய இருபெரும் மரபுகளிலும் ஆராயும் முதுகலைப் படிப்பொன்றில் சேர விரும்பினாள். துறவு மடத்தில் சேரும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஆகவே அவள் விருப்பம் வீட்டாருக்கு விளங்கவில்லை. வெள்ளாற்றுப் பக்கத்தில் நெல்லும் கரும்பும் பயிரிடும் அவள் தந்தை நம்மிடம் வந்து, "சாமி, பி.எட். படிச்சா டீச்சர் ஆகலாம். இதைப் படிச்சா என்ன ஆகலாம்?" என்று கேட்டார். சற்று நேரம் பேசாதிருந்து, அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்றையும் கேட்டார். "எங்க ஆத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவங்க மாதிரி யாரு சாமி செபிச்சா?"

முதற் கேள்விக்கு விடை கூறுவது எளிது. மறைக்கல்வி நிலையங்கள், தியான இல்லங்கள், பதிப்பகங்கள், மொழிபெயர்ப்புப் பணி எனச் சில வாயில்கள் உண்டு. ஊதியம் பெருகும் வழி அன்று. இதை அவரிடம் மறைக்காமல் சொன்னோம். இரண்டாவது கேள்வியே இக்கட்டுரையை எழுதச் செய்தது.

நம் பக்கத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை வாசகர் அறிவர். அங்கே சூளைக்கு முன் நின்று, தழலின் நிறத்தைக் கண்டே உள்ளிருக்கும் பொருள் வெந்ததா இல்லையா என்று சொல்லும் முதியோர் இருந்தனர். இன்றும் சிலர் உளர். அதே ஊரில் பீங்கான் தொழில்நுட்பத்தைப் பாடமாகக் கற்பிக்கும் கல்விக்கூடமும் உண்டு. களிமண் உடலும் அதன்மேல் பூசிய பளபளப்புப் பூச்சும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் ஆறும்போது மயிர்க்கோடு விடுகிறது என்று அங்கே பயின்ற பிள்ளை காரணம் கூறுவான். கிழவருக்குக் காரணம் தெரியாது; ஆனால் அவர் கையில் கோடு விழுவதில்லை. நெடுநாள் நன்றாக வந்த பொருள் ஒருநாள் திடீரென வெடிக்கத் தொடங்கினால்தான் காரணம் தெரிந்தவனைத் தேடுகிறோம். ஆன்மீகக் கல்வியின் இடமும் ஏறத்தாழ இதுவே என்பது நம் எண்ணம்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். கீழை மரபு என்றவுடன் நம்மவர் பலர் இந்திய யோக முறைகளையே எண்ணுகின்றனர். பேச்சு அதைப்பற்றியதன்று. அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, கொன்ஸ்தாந்திநோபிள், எதேசா ஆகிய நகரங்களைச் சுற்றி வளர்ந்து, கிரேக்கம், சிரியாக், கோப்து முதலிய மொழிகளில் செபித்த திருச்சபைகளின் வாழ்வே கீழை மரபு. உரோமையைச் சூழ்ந்து இலத்தீன் மொழியில் செபித்தது மேலை மரபு. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கராகிய நாம் பெரும்பாலும் இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்தவர்கள். மலை தாண்டிக் கேரளம் சென்றால் சீரோ-மலபார், சீரோ-மலங்கரை ஆகிய கீழை வழிபாட்டு முறைகளைச் சேர்ந்த கத்தோலிக்கரைக் காண்கிறோம். ஒரே திருத்தந்தையின் கீழ் ஒரே விசுவாசத்தில் வாழ்வோர். ஆயினும் அவர்கள் கோயிலில் நின்றால் நமக்குத் தலைகால் புரிவதில்லை. 1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கீழைத் திருச்சபைகளைக் குறித்தும், கிறிஸ்தவ ஒன்றிப்பைக் குறித்தும் இரு ஏடுகளை வெளியிட்டது. கீழைத் தந்தையரின் ஆன்மீகச் செல்வத்தைக் கத்தோலிக்கர் அடிக்கடி நாடிச் செல்லவேண்டும் என்று ஒன்றிப்பைப் பற்றிய ஏடு வற்புறுத்துகிறது. திருச்சபை தன் இரு நுரையீரல்களாலும் மூச்சுவிட வேண்டும் என்ற உவமையைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் பலமுறை கையாண்டதும் இக்கருத்திலேயே.

நாம் குருமடத்தில் பயின்ற நாள்களில் ஆன்மீக வரலாறு என்றால் ஏறக்குறைய மேலை நாட்டு வரலாறே. ஆசீர்வாதப்பர், பிரான்சிஸ் அசிசியார், இஞ்ஞாசியார், அவிலா தெரேசம்மாள், சிலுவை அருளப்பர் என்று அது நடக்கும். நம் வீடுகளில் மூத்தோர் வாசித்த 'கிறிஸ்துநாதர் அனுசாரம்' என்ற சிறுநூலும் அவ்வழி வந்ததே. கீழைத் திருச்சபைக்குச் சில வகுப்புகள் மட்டுமே கிடைத்தன. பின்னர், குருவாகிச் சில ஆண்டுகள் பங்குகளில் உழைத்த பிறகு, மேலிடத்தின் விருப்பப்படி இரண்டாண்டு இத்துறையில் பயின்றோம். அப்போது படித்தவற்றுள் பெரும்பகுதி மறந்துவிட்டது. மறவாமல் நிற்பது ஒரு கிழவரின் கதை.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் யோவான் காசியன் என்னும் இளந்துறவி தம் நண்பர் ஜெர்மானுசோடு எகிப்து நாட்டுப் பாலைவனத்துத் துறவிகளிடம் செபம் கற்கச் சென்றார். அங்கே சராப்பியோன் என்றொரு முதியவர் இருந்தார். எளியவர், தவத்தில் சிறந்தவர். இறைவன் மனிதனைத் தம் சாயலாகப் படைத்தார் என்ற வேதவாக்கைச் சொல்லுக்குச் சொல் கொண்டு, இறைவனுக்கும் மனித உருவம் உண்டென்று நம்பி, அவ்வுருவத்தைக் கண்முன் நிறுத்தியே செபித்து வந்தார். 399-ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் தெயோப்பிலுஸ், பாஸ்கா நாளை அறிவிக்கும் வழக்கமான மடலில், இறைவனுக்கு உருவம் கற்பிப்பது தவறு என்று எழுதினார். துறவிகளிடையே பெருங் குழப்பம். கப்பதோக்கியாவிலிருந்து வந்திருந்த போத்தினுஸ் என்னும் கற்றறிந்த திருத்தொண்டர், கீழைத் திருச்சபைகள் அவ்வசனத்தை எவ்வாறு பொருள் கொள்கின்றன என்பதைச் சராப்பியோனுக்குச் சான்றுகளோடு விளக்கினார். முதியவர் ஏற்றுக்கொண்டார். உண்மை வென்றது என்று எல்லோரும் மகிழ்ந்து நன்றி செலுத்த எழுந்தனர். செபம் தொடங்கியதும் சராப்பியோன் திகைத்தார். வழக்கமாகக் கண்முன் நின்ற உருவம் இல்லை. தரையில் விழுந்து கதறி அழுதார். தம் இறைவனைத் தம்மிடமிருந்து எடுத்துப் போய்விட்டார்கள் என்றும், இனிப் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லையே, யாரைத் தொழுவதென்று தெரியவில்லையே என்றும் புலம்பினார்.

போத்தினுஸ் சொன்னதில் பிழையில்லை. திருச்சபையின் போதனை அதுவே. ஆயினும் ஒரு கிழவரின் கையிலிருந்ததைப் பிடுங்கியபின் அக்கையில் எதை வைப்பது என்று அவர் எண்ணவில்லை.

இதைக் கண்டு கலங்கிய காசியனும் ஜெர்மானுசும் ஐசக் என்னும் ஞானத் தந்தையிடம் சென்று, அலையும் மனம் பற்றி நிற்பதற்கு ஏதேனும் வழி உண்டா என்று கேட்டனர். அவர் தந்த விடை வியப்புக்குரியது. எழுபதாம் திருப்பாடலின் முதல் அடியை, துணைசெய்ய விரைந்து வருமாறு இறைவனை அழைக்கும் அந்த ஓரடியை, ஓயாமல் சொல்லுங்கள் என்றார். பசி எடுக்கும்போது அது. உணவு செல்லாதபோதும் அது. தூக்கம் வராதபோதும், கோபம் மூளும்போதும், மனம் மகிழ்ந்து தலைகனக்கும்போதும் அதே ஓரடி. எழுத்தறியாதவனும் சொல்லலாம். அதில் உருவம் ஏதும் இல்லை. ஆனால் பற்றிக்கொள்ள ஒரு பிடி இருக்கிறது. சராப்பியோன் அழுத அழுகைக்கு ஐசக் தந்த மருந்தாகவே நாம் இதைப் படிக்கிறோம்.

காசியன் ஏறத்தாழ 415-ஆம் ஆண்டளவில் இன்றைய பிரான்சு நாட்டு மார்செய்ல் நகரில் குடியேறி, எகிப்தில் கேட்டவற்றை இலத்தீனில் எழுதினார். ஒரு நூற்றாண்டுக்குப்பின் ஆசீர்வாதப்பர் தம் மடத்து ஒழுங்குநூலில் காசியனின் உரையாடல்களை வாசிக்கும்படி கட்டளையிட்டார். அந்த ஓரடி மேலைத் திருச்சபையின் கட்டளைச் செபத்தில் ஒவ்வொரு வேளைக்கும் தலைவாயிலாக அமைந்தது. உலகெங்கும் குருக்களும் துறவியரும் இன்றும் நாள்தோறும் அதனால்தான் செபத்தைத் தொடங்குகின்றனர். எகிப்தியப் பாலைவனத்து மணல் நம் மேசைமீதிருக்கும் இலத்தீன் முறைச் செபப் புத்தகத்தின் இடுக்கில் கிடக்கிறது! கீழை, மேலை என்று இரு வேறு வீடுகளாகத் தோன்றுவன அடித்தளத்தில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதை இப்படிப்பு காட்டியது.

கீழைத் திருச்சபையில் இதே வித்து வேறு வகையாய் வளர்ந்தது. இயேசுவின் திருப்பெயரைச் சொல்லி, பாவியாகிய தன்மீது இரங்குமாறு வேண்டும் சிறு மன்றாட்டு, சீனாய் மலையிலும் பின்னர் ஆத்தோஸ் மலையிலும் துறவியரின் மூச்சோடு மூச்சாகக் கலந்தது. இயேசு செபம் என்று இதனை அழைப்பர். பதினான்காம் நூற்றாண்டில் தென் இத்தாலியிலிருந்து சென்ற பர்லாம் என்னும் பேரறிஞர், தலையைத் தாழ்த்தி மூச்சை அடக்கி இம்மன்றாட்டைச் சொன்ன துறவிகளைத் தம் கொப்பூழில் ஆன்மாவைத் தேடுவோர் என்று எள்ளி நகையாடினார். அத்துறவிகளுக்காக எழுதுகோல் எடுத்தவர் கிரகோரி பலமாஸ். 1341-இலும் 1351-இலும் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கங்கள் அவர் பக்கமே தீர்ப்பளித்தன. இச்செபம் பற்றிய பழம் நூல்கள் 1782-இல் வெனிஸ் நகரில் 'பிலோகாலியா' என்ற பெயரில் பெருந்தொகுப்பாக அச்சேறின. 1793-இல் சிலாவிய மொழியில் வெளிவந்த பின் அது இரசிய நாட்டுக் குடியானவன் வாய் வரை சென்றது.

மேலைத் திருச்சபையிலும் கற்றோர் எல்லா நாளும் கல்லாதோரை மதித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. 1559-இல் ஸ்பெயின் நாட்டு விசாரணை மன்றத் தலைவர் வால்தேஸ் வெளியிட்ட தடைப் பட்டியலால், மக்கள் மொழியிலிருந்த ஆன்மீக நூல்கள் பல பெண்களின் கையிலிருந்து பறிபோயின. இலத்தீன் அறியாத அவிலா தெரேசம்மாள் அதனால் மிக வருந்தினார். பெண்கள் வாய்ச்செபம் சொன்னால் போதும், தியானமெல்லாம் அவர்களுக்கு எதற்கு என்று சிலர் கூறிய காலம் அது. தெரேசம்மாள் சண்டைக்குப் போகவில்லை. கர்த்தர் கற்பித்த செபத்தையே எடுத்துக்கொண்டு தம் சகோதரிகளுக்கு நூல் எழுதினார். அதில் வயது முதிர்ந்த கன்னியர் ஒருவரைக் குறிப்பிடுகிறார். தமக்குத் தியானம் வரவில்லை, வாயால் செபிக்க மட்டுமே முடிகிறது என்று அம்மூதாட்டி வருந்தி வந்தார். விசாரித்துப் பார்த்தால், கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லிச் சொல்லியே அவர் மிக உயர்ந்த ஒன்றிப்பை எட்டியிருந்தார்! தெரேசம்மாளை 1970-இல் திருச்சபை தன் மறைவல்லுநராக அறிவித்தது. அந்த முதிய கன்னியரின் பெயரோ நூலில் இல்லை.

இவ்வளவும் நூல் அறிவு. இது நம் பங்கில் தேவைப்பட்ட வேளையைச் சொல்லவேண்டும்.

பீங்கான் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்த மூதாட்டி ஒருவர் நம் மக்களிடையே உளர். அச்சில் வார்த்தெடுத்த பச்சைப் பொம்மைகளின் விளிம்பைச் சிறு கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது அவர் வேலை. ஒரு பொம்மைக்கு ஒருமுறை "சேசுவே, இரக்கமாயிரும்" என்று சொல்வது அவர் வழக்கம். மனவல்லயச் செபம் என்று நம் முன்னோர் பெயரிட்டு, பழைய செபப் புத்தகங்களின் ஓரங்களிலெல்லாம் அச்சிட்டுத் தந்தார்களே, அந்த வகைதான். மனத்திலிருந்து அம்புபோல் எழும் சிறு வேண்டுதல். கொலு வரும் பருவத்தில் வேலை மிகும், செபமும் மிகும். பட்டறைக்குப் போவதை விட்டபின்னும் கீரை ஆய்கையிலும் முற்றம் பெருக்குகையிலும் அது நின்றதில்லை.

ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த போதகர் ஒருவர், யாரோ அழைத்துச் சென்ற கூட்டமொன்றில், சொன்னதையே சொல்லும் செபம் கிளிப்பிள்ளைச் செபம், புறவினத்தாரின் பிதற்றல், ஆண்டவரே அதைக் கண்டித்திருக்கிறார் என்று மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்காட்டிப் பேசினார். மூதாட்டி வீடு திரும்பினார். அன்று முதல் வாய் திறக்கவில்லை. சில திங்களுக்குப்பின் நோயில் பூசுதல் பெற்ற அயலாரைப் பார்க்க வந்த இடத்தில் நம்மைக் கண்டு, மெல்லிய குரலில் சொன்னார்: "கை வேலை செய்யுது சாமி, வாய் சும்மா கெடக்கு. மனசு எங்கெங்கயோ ஓடுது. அப்போ நாப்பது வருசமா நான் சொன்னதெல்லாம் வீணா?"

சராப்பியோன் நம் முன் நிற்பதாகவே தோன்றியது.

அவரிடம் நாம் கிரேக்கச் சொற்களை விளக்கவில்லை. ஆண்டவர் கண்டித்தது, சொற்களின் எண்ணிக்கையால் இறைவனை இணங்கவைக்கலாம் என்ற எண்ணத்தை என்றோம். எரிக்கோ நகர்ச் சாலையோரத்தில் குருடன் ஒருவன் ஒரே கூக்குரலைத் திரும்பத் திரும்ப எழுப்பியதையும், வாயை மூடு என்று அதட்டியவர்கள் சீடரின் கூட்டத்தில் இருந்தவர்களே என்பதையும், ஆண்டவர் நின்று அவனைத்தான் அழைத்தார் என்பதையும் நினைவூட்டினோம். கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் தாமே மூன்றாம் முறையும் அதே சொற்களைச் சொல்லி வேண்டினார் என்று மத்தேயுவே எழுதியிருக்கிறார். நூற்று முப்பத்தாறாம் திருப்பாடலில் ஒரே பல்லவி 26 முறை வருகிறது. பிறகு எகிப்து நாட்டுக் கிழவரின் கதையையும் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு கேள்வி கேட்டார்: "அந்தக் கிழவருக்கு அப்புறம் யாராச்சும் போயி ஆறுதல் சொன்னாங்களா சாமி?"

இரண்டாண்டுப் படிப்பில் ஆசிரியர், மாணவர் எவரும் கேட்காத கேள்வி அது! காசியன் அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றோம். "பாவம்" என்றார். மறுவாரம் திருப்பலிக்கு முன் கோயில் திண்ணையில் அவர் உதடுகள் அசைவதைக் கண்டோம்.

பெண்ணின் தந்தையிடம் நாம் சொன்னது இதைத்தான். உங்கள் ஆத்தாவைப்போல் செபிக்க உங்கள் மகள் கல்லூரிக்குப் போகவேண்டியதில்லை. ஆனால் உங்கள் ஆத்தாவைப் போன்றவர்களின் செபத்தை யாரேனும் எள்ளி நகையாடினால், அது ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திருச்சபை ஆராய்ந்து காத்த வழி என்று எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

இனி, படித்தவர்களைப் பற்றியும் சிறிது சொல்லாமல் விடுவது முறையன்று. இத்துறையில் பட்டம் பெற்றுத் திரும்புவோர் சிலர், களை எடுத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் மக்களிடம் கிரேக்கச் சொற்களை அள்ளி வீசுகின்றனர். கைப்பேசியில் மூச்சுப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு அதையே கீழைத் திருச்சபையின் செபம் என்று மயங்குவோரும் உளர். கீழைத் தந்தையரோ, வழிகாட்டும் ஞானத் தந்தையின்றி மூச்சு முறைகளில் இறங்காதே என்று கண்டிப்பாய் எச்சரித்தவர்கள்.

இரு மரபுகளையும் ஒன்றாகக் குழைத்து, எல்லாம் ஒன்றே என்று கூறிவிடுவதும் நேர்மையன்று. செப வேளையில் மனத்தில் எந்தப் படத்தையும் வரையாதே என்பர் கீழைத் துறவிகள். கற்பனை சோதனைக்கு வாயில் என்பது அவர்கள் அச்சம். இஞ்ஞாசியாரோ 1548-இல் அச்சேறிய தம் 'ஆன்மப் பயிற்சிகள்' நூலில், பெத்லகேம் குகையை மனக்கண்ணால் பார், அதன் நீள அகலத்தை எண்ணிப்பார் என்கிறார். இது மெய்யான வேறுபாடு. ஆயினும் அதே நூலின் இறுதிப் பகுதியில், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே செபத்தின் ஒரு சொல்லை மட்டும் சொல்லும் முறையையும் அவர் கற்பிக்கிறார். ஆத்தோஸ் மலைக் கிழவர்கள் இதைப் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார்கள்.

மனக்கண்ணால் பார்க்கும் அப்பயிற்சி எத்தகைய கனி தரும் என்பதற்கு நாம் தொலைவில் போகவேண்டியதில்லை. விருத்தாசலத்துக்கு அண்மையில் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயில் இருக்கிறது. அதை எழுப்பிய வீரமாமுனிவர், 1680-இல் இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே ஊரில், புனித ஞானப்பிரகாசியார் பிறந்த அதே ஊரில் தோன்றி, இயேசு சபையில் இஞ்ஞாசியாரின் பயிற்சிகளால் உருவானவர். ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிர்தா மரியாவின் காட்சி நூல் தந்த செய்திகளைத் தழுவி, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியாகச் சூசையப்பரின் வாழ்வைத் தமிழில் படைத்தார். நாசரேத்தூரை நினைத்துப் பார்க்கக் கற்றவர், அதைத் தமிழ் நிலத்தின் வயலும் சோலையுமாகவே கண்டார். இப்பகுதி மக்களின் நாவில் முன்பே பழகிய பெரியநாயகி என்ற பெயரால் தேவதாயை அழைத்தார். மேலை மரபு நம் மண்ணில் கண்ணாக வந்தது. மனவல்லயச் செபம் சொல்லும் நம் மூதாட்டியோ, தாம் அறியாமலே, கீழை மரபின் மூச்சை வைத்திருக்கிறார்.

இவ்விரண்டையும் அறிந்தே ஒன்றாக வாழ முயன்றவர்களும் நம் அண்டையில் உண்டு. பெல்ஜியம் நாட்டுச் சிஸ்டெர்சியத் துறவி பிரான்சிஸ் மாகியு, ஆங்கிலேய ஆசீர்வாதப்பர் சபைத் துறவி பீட் கிரிபித்ஸ் இருவரும் 1958-இல் கேரளத்து வாகமண் மலைப்பகுதியில் குரிசுமலை ஆசிரமத்தை நிறுவினர். மேலைத் துறவு ஒழுங்கு, அந்தியோக்கிய சிரியாக் வழிபாடு, காவி உடை, மாட்டுப் பண்ணை வேலை. பிரான்சிஸ் ஆச்சாரியா என்று பின்னர் அழைக்கப்பட்ட மாகியு, 2002-இல் இறக்கும்வரை அங்கே வாழ்ந்து, சிரியாக் மொழியின் பெரும் செபத் தொகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பீட் கிரிபித்ஸ் 1968-இல், மொன்சானின், லே சோ ஆகிய பிரஞ்சுக் குருக்கள் 1950-இல் காவிரிக்கரையில் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் தொடங்கிய சாந்திவனத்துக்கு வந்து, 1993 வரை அதை நடத்தினார். சாந்திவனத்தைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. நமக்கும் சில ஐயங்கள் உண்டு. அவற்றைப் பிறிதொரு வேளை பேசலாம்.

எங்கே படிப்பது என்று கேட்கும் பெற்றோருக்காகச் சில செய்திகள். கோட்டயத்தில் 1985-இல் தொடங்கிய புனித எபிரேம் ஆராய்ச்சி நிலையம் சிரியாக் மொழியிலும் மரபிலும் முதுகலைப் படிப்பு நடத்துகிறது. கோட்டயத்தை அடுத்த வடவாத்தூர் குருமடத்தோடு இணைந்த கீழைத் திருச்சபைக் கல்வி நிறுவனம், பெங்களூரின் தர்மாராம் வித்யா க்ஷேத்திரம் ஆகியன இறையியல் அடிப்படை உள்ளோர்க்கு ஏற்றவை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவவியல் துறை உண்டு. உரோமையில் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1917-இல் நிறுவிய கீழைத் திருச்சபைக் கல்விக்கூடம் இத்துறைக்குத் தாய்வீடு போன்றது. எங்கு சேர்ந்தாலும் மொழியே முதல் தடை. சிரியாக் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. கிரேக்கமும் ஓரளவு வேண்டும். மனப்பாடம் செய்து தேர்வெழுதிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு, ஒரு பக்கத்தை ஒரு வாரம் வைத்து வாசிக்கும் முறை முதலில் சலிப்பூட்டும். செலவைப் பற்றி, சேருமுன் நேரில் சென்று விசாரிப்பதே நலம்.

பெண்ணின் தந்தை இரண்டு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், கரும்புப் பணம் வந்தபின் பார்க்கலாம் என்றார். அதுவரை சும்மா இராமல் ஒரு வேலை செய்யுமாறு அவளுக்குக் கூறினோம். சுற்றுவட்டாரத்து முதியோரிடம் சென்று, அவர்கள் சொல்லும் மனவல்லயச் செபங்களையும், எந்த வேலையின்போது எதைச் சொல்கிறார்கள் என்பதையும் அப்படியே எழுதிவரச் சொன்னோம். நாளை ஆய்வேட்டுக்கு உதவும், உதவாவிட்டாலும் இருக்கட்டும். ஒரு குயர் நோட்டில் பாதி நிரம்பிவிட்டது. நாற்று நடும்போது சொல்வது ஒன்று. பேருந்துக்குக் காத்திருக்கையில் ஒன்று. மகன் குடித்துவிட்டு வரும் ஓசை கேட்டதும் சொல்வது ஒன்று. பெரும்பாலானவை அச்சிட்ட புத்தகங்களில் உள்ளவையே. சென்ற வாரம், இரவு நீர் பாய்ச்சப் போகும் முதியவர் ஒருவர், மடையை வெட்டித் திறக்கையில் சொல்லும் மூன்று சொல் வேண்டுதல் ஒன்றைத் தந்திருக்கிறார். எந்தப் புத்தகத்திலும் நாம் பார்த்ததில்லை. யாரிடம் கற்றீர்கள் என்று அவள் கேட்டதற்கு, தம் தகப்பனார் இருட்டில் சொல்லக் கேட்டதாகச் சொன்னாராம்.